அட்டையில் இல்லாத வசனங்கள்



ஊர் ஊராக நடந்தே போய், கோயில் திண்ணையிலும் வேப்பமரத்தடியிலும் வேதபாடம் சொல்லிக்கொடுத்த ஓர் உபதேசியாரின் நினைவாக இங்கே கூடியிருக்கிறோம். அப்படிப்பட்ட ஒருவரிடம் எழுத்துக்கூட்டி வேதம் வாசித்தவன் நான். விசுவாசத்தில் நிலைத்திருக்க வேதவாசிப்பு எப்படி உதவுகிறது என்று பேசச் சொன்னீர்கள். பொதுவாகப் பேசினால் கடல்போல விரியும். அதனால் ஒரே ஓர் அதிகாரத்தை எடுத்துக்கொள்கிறேன்: எரேமியா 29.

ஏன் இந்த அதிகாரம் என்றால், இதிலிருந்து ஒரு வசனம் நம் வீடுகளில் எங்கும் தொங்குகிறது. டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் தட்டில் வாக்குத்தத்த அட்டைகள் வரும். வரிசையில் நின்று ஆளுக்கொன்று எடுப்போம். அந்த அட்டைகளில் அடிக்கடி வருவது 29:11. தீமை நினைக்காமல் நம் நன்மையையே கர்த்தர் நினைக்கிறார் என்று சொல்லும் வசனம். அட்டை எடுப்பதை நான் குறைசொல்ல வரவில்லை. ஒரு வசனத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நாளைத் தொடங்கும் ஆசை பழையது. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூரில் சின்சென்டார்ஃப் பிரபு 1728இல் மறுநாளுக்கென்று சபையாருக்கு ஒரு வாக்கியம் கொடுக்கத் தொடங்கினார். 1731 முதல் ஒரு வருஷத்துக்கான வசனங்கள் புத்தகமாகவே அச்சாகி வருகின்றன. இன்றும் அங்கே அவற்றைச் சீட்டுப்போட்டுத்தான் எடுக்கிறார்கள்.

எங்கள் வீட்டிலும் ஒரு வருஷம் 29:11 வந்தது. அப்பா தச்சுவேலை செய்தவர். அந்த அட்டையைப் பட்டறை நிலைக்கதவில் சின்ன ஆணி அடித்து மாட்டினார். பங்குனி பிறக்கும் முன்னே அவர் இறந்துபோனார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கதவைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அம்மா அந்த அட்டையைக் கழற்றவில்லை. நாற்பது நாள் கழித்து ஓர் இரவு, அரிக்கேன் விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு, அது எங்கிருந்து வந்த வசனம் என்று வேதாகமத்தில் தேடினார். தேடிப்பிடித்து, அதிகாரத்தை மேலிருந்து வாசித்தார். நான் இன்று சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அந்த இரவுதான் தொடக்கம்.

அந்த அதிகாரம் ஒரு கடிதம். கி.மு. 597இல் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் எருசலேமின் அரசனையும், அரசனின் தாயையும், பிரபுக்களையும், கைவேலைக்காரர்களையும் பாபிலோனுக்குச் சிறைபிடித்துப் போனான். ஊரில் மிஞ்சியிருந்த தீர்க்கதரிசி எரேமியா, பாபிலோனுக்குப் போன அரச தூதர் இருவர் கையில் இதைக் கொடுத்தனுப்பினார். உள்ளே இருக்கும் செய்தி அட்டையில் கண்டதுபோல் இனிப்பாக இல்லை. வீடு கட்டுங்கள், அதில் குடியிருங்கள். தோட்டம் போடுங்கள், அதன் பலனைச் சாப்பிடுங்கள். பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள். உங்களைப் பிடித்துக்கொண்டுபோன அந்தப் பட்டணத்துக்காக ஜெபியுங்கள். திரும்பி வர எழுபது வருஷம் ஆகும்.

எழுபது வருஷம் என்றால் என்ன அர்த்தம்? கடிதத்தைக் கையில் வாங்கிய நாற்பது வயதுக்காரர் எருசலேமைத் திரும்பப் பார்க்கமாட்டார். கேட்டுக்கொண்டிருந்த வாலிபர்களிலும் அநேகர் பார்க்கமாட்டார்கள். 11ஆம் வசனம் அப்படிப்பட்டவர்களுக்குச் சொல்லப்பட்டது. 10ஆம் வசனத்தில் எழுபது வருஷம். அடுத்த வசனத்தில் நன்மையான நினைவுகள். இரண்டுக்கும் நடுவே ஒரு மூச்சுகூட இல்லை. நாம்தான் கத்தரிக்கோல் வைத்தோம்.

இன்னொன்று. நம் பழைய மொழிபெயர்ப்பில், 1871இல் முழுமையாக வெளிவந்த அந்த வேதாகமத்தில், கர்த்தர் ஓர் ஆளிடம் பேசும்போது 'நீ' என்பார். 'நீங்கள்', 'உங்கள்' என்று வந்தால் பலரிடம் பேசுகிறார் என்று பொருள். நமக்கோ 'நீங்கள்' மரியாதைச் சொல்லாகிவிட்டது. அதனால் அட்டையில் 'உங்கள்' என்று பார்த்ததும், கர்த்தர் என்னை மரியாதையாகக் கூப்பிட்டு எனக்கென்று தனியே சொல்கிறார் என்று கேட்கிறது. எபிரெய மூலத்திலும் அந்தச் சொல் பன்மைதான். அது ஒரு கூட்டத்துக்குக் கொடுத்த வாக்கு. பேரப்பிள்ளைகளும் அந்தக் கூட்டத்துக்குள் அடக்கம். அம்மாவுக்கு இலக்கணம் தெரியாது. ஆனால் அந்த இரவு அவர் சொன்னது இதுதான்: "இது நமக்கு மட்டும் எழுதினது இல்லடா. எல்லாருமா சேர்ந்து வாங்கின கடுதாசி."

'சமாதானம்' என்ற சொல்லையும் பாருங்கள். 11இல் நம்மைக் குறித்த கர்த்தரின் நினைவு சமாதானத்துக்குரியது. நான்கு வசனம் மேலே போனால் அதே சொல்: பாபிலோன் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அது சமாதானமாயிருந்தால் உங்களுக்கும் சமாதானம். மூலத்தில் இரண்டு இடத்திலும் ஷாலோம். அட்டையை வைத்திருப்பவருக்கு இந்த முடிச்சு தெரிய வழியில்லை. அதிகாரத்தை வாசிப்பவருக்கு எபிரெயம் படிக்காமலே, தமிழிலேயே தெரிந்துவிடுகிறது. எனக்கு வரும் நன்மை என் எதிரியின் ஊருக்கு வரும் நன்மையோடு பிணைத்துக் கட்டப்பட்டிருக்கிறது. இதைக் கண்டபின் 11ஆம் வசனத்தை என் சொந்த உயர்வுக்கான உத்தரவாதச் சீட்டாக என்னால் வாசிக்க முடியவில்லை.

ஒரு பக்கம் முன்னே, 28ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். அனனியா என்றொரு தீர்க்கதரிசி. இரண்டே வருஷம், ஆலயப் பாத்திரங்களும் அரசனும் திரும்பிவிடுவார்கள் என்று கர்த்தரின் பெயராலேயே சொல்கிறான். எரேமியா அடையாளமாகக் கழுத்தில் போட்டிருந்த மரநுகத்தை எல்லாரும் பார்க்க உடைத்துப்போடுகிறான். நுகத்தை உடைக்கும் முன், அனனியா பேசி முடித்ததும், எரேமியா முதலில் என்ன சொன்னார் தெரியுமா? ஆமென். அப்படியே ஆகட்டும் என்றார். இந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுவேன். அவருக்கும் இரண்டு வருஷம்தான் ஆசை. பொய்யான ஆறுதல் எவ்வளவு இனிமையானது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் கடிதத்தில் எழுபது என்றே எழுதினார். கேட்டவர்களுக்குப் பிடித்ததா? இல்லை. பாபிலோனிலிருந்து செமாயா என்பவன் எருசலேம் ஆசாரியனுக்குப் பதில் கடிதம் போட்டான்: இந்த ஆள் எங்களுக்கு வீடு கட்டச் சொல்லி எழுதுகிறான், நீங்கள் ஏன் இவனைக் கண்டிக்கவில்லை? இதுவும் அதே 29ஆம் அதிகாரத்தின் கடைசியில் இருக்கிறது.

வேதத்தைத் தொடர்ந்து வாசிப்பவன் அனனியாவின் குரலையும் எரேமியாவின் குரலையும் காதால் பிரித்தறியப் பழகுகிறான். இரண்டுபேரும் ஒரே சொற்களைத்தான் பயன்படுத்துகிறார்கள், ஒரே கர்த்தரின் பெயரைத்தான் சொல்கிறார்கள். தனி வசனமாக அச்சடித்தால், அனனியாவின் பேச்சுதான் நல்ல வாக்குத்தத்தமாகத் தெரியும். இன்று மேடைகளிலும் கைபேசியிலும் அனனியாக்களுக்குக் குறைவில்லை. அவர்களை நம்பி, சொன்ன தவணையில் அற்புதம் நடக்காமல், கடைசியில் கோயிலுக்கே வராமல் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்கள் கடவுளை விடவில்லை; யாரோ குறித்துக்கொடுத்த தேதியை நம்பி நொந்துபோனவர்கள். அவர்கள் கையில் எரேமியாவை முழுசாகக் கொடுக்காமல் போனோமே என்ற வருத்தம் எனக்கு உண்டு. மொத்தம் 52 அதிகாரம். நாளுக்கு ஒன்றென்றால் இரண்டு மாதம்கூட ஆகாது.

இந்தக் கடிதத்தை அக்கறையோடு வாசித்த ஒருவரை வேதாகமமே நமக்குக் காட்டுகிறது. தானியேல் 9. சிறைப்பட்டுப் போனவர், வயது முதிர்ந்த காலத்தில், எரேமியா சொன்ன எழுபது வருஷத்தைப் புஸ்தகத்தில் படித்து அறிகிறார். கணக்கு முடியப்போகிறது என்று கண்டதும் துள்ளிக் குதிக்கவில்லை. இரட்டு உடுத்தி, சாம்பலில் உட்கார்ந்து, தன் ஜனத்தின் பாவத்தை அறிக்கையிடுகிறார். 'நாங்கள்' என்றே ஜெபிக்கிறார். எரேமியா பன்மையில் எழுதினார், தானியேல் பன்மையில் பதில் சொன்னார்.

எப்படி வாசிப்பது என்று இளையோர் கேட்பீர்கள். ஒன்றே ஒன்றைச் சொல்லலாம்: வாய்விட்டு வாசியுங்கள். முதலாம் சங்கீதத்தில் இரவும் பகலும் தியானிக்கிறவன் என்று வருகிறதே, அங்கே உள்ள எபிரெயச் சொல் ஹாகா. ஏசாயா 31இல் இரையின்மேல் நின்று சிங்கம் உறுமுவதற்கும், 38இல் புறா முனகுவதற்கும் அதே சொல்தான். கண்மூடி மௌனமாக உட்காருவதைவிட, முணுமுணுத்து, உறுமி, விடாமல் மெல்லுவதுதான் அந்தத் தியானம். அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் எத்தியோப்பிய மந்திரியும் ரதத்தில் வாய்விட்டு வாசித்ததால்தான் பிலிப்புவின் காதில் அது விழுந்தது. அதனால்தான் கேள்வி பிறந்தது. வீட்டில் சத்தமாக வாசியுங்கள். அடுப்படியில் இருப்பவர் கேட்டு, 'அது யார் யாருக்குச் சொன்னது?' என்று கேட்கட்டும். பதில் தெரியாவிட்டால் பரவாயில்லை, ஒரு பக்கம் பின்னே புரட்டுங்கள்.

அம்மாவுக்குக் கடைசி நான்கு வருஷம் பார்வை இல்லை. மாலையில் நான்தான் வாசிப்பேன். ஒருநாள் மிகவும் சோர்ந்திருந்தார். ஆறுதலாக இருக்கட்டும் என்று எரேமியா 29ஐத் திறந்து நேரே 11ஆம் வசனத்தை வாசித்தேன். அம்மா தலையை அசைத்தார்.

"யாருக்கு எழுதினதுன்னு சொல்லாம கடுதாசிய வாசிக்கலாமா? முதல்ல இருந்து வாசி."

முதலிலிருந்து தொடங்கினேன். இரண்டாம் வசனத்தில் எருசலேமிலிருந்து போனவர்களின் பட்டியல் வருகிறது. அரசன், ராஜாத்தி, பிரபுக்கள், அதற்கப்புறம் தச்சர். அந்தச் சொல் வந்ததும் அம்மா கையைத் தூக்கினார். நான் நிறுத்தினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ம், மேல வாசி" என்றார்.