தெருமூடி மடமும் கம்பியில்லா வலையும்

பருத்தித்துறையிலே தும்பளை வீதிக்கு மேலாகவே கூரை கொண்டு நிற்கிறது தெருமூடி மடம். இருமருங்கும் திண்ணை, நடுவே தெரு. நுழையலாமோ என்று வழிப்போக்கன் தயங்க இடமில்லை. தெருவோடு வந்தவன் ஏற்கெனவே உள்ளே நிற்கிறான்.

நியூயோர்க்கில் பேராசிரியர் டேவிட் டார்ட்ஸ் 2011-இல் அமைத்த 'பைரேட் பொக்ஸ்' என்னும் பெட்டியும் அத்தகையதே. இணையத் தொடர்பின்றி, அருகிலிருப்போர் நூலும் பாட்டும் பகிர்ந்துகொள்ளக் கம்பியில்லா வலை விரித்தது. பெயரும் கடவுச்சொல்லும் கேட்கவில்லை. ஆயினும் அறியாத வலையைக் கைத்தொலைபேசியிற் காண்பவன் அஞ்சுவான், அஞ்சுவது அறிவுடைமையுமாகும். கடற்கொள்ளையர் பெயர் அவ்வச்சத்தைத் தணிக்குமா?

யாழ்ப்பாணத்து வாசிகசாலையொன்று இத்தகைய பெட்டியை வைக்குமாயின், வலைக்குத் தன் பெயரையே இடுவது நன்று. வாயிலிலே ஒரு பலகையும் வேண்டும்: உள்ளே இருப்பவை இன்னின்ன நூல்கள், இணையம் இல்லை, எவர் பெயரும் கேளோம்.