குஞ்சு ரத்தத்தில் இருக்கும் காவல்



நம்ம குழுக்கள்ல நிறைய பேர் கோழிக்குஞ்சு வாங்கக் கடன் எடுக்கிறோம். குஞ்சு செத்துட்டாலும் தவணை நிக்காது. சிறுவிடையா, அசிலா, வனராஜாவா, நாமக்கல் கோழியான்னுதான் முதல்ல கேக்கிறோம். எந்த ரகமானாலும், முதல் மாசம் அதோட ரத்தத்துல என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கணும்.

பொரிச்ச அன்னைக்குக் குஞ்சு ரத்தத்துல புரதம் குறைவாத்தான் இருக்கும். வளர வளரத்தான் கூடும். அதுல ஆல்புமின்னு ஒண்ணு, குஞ்சு தின்கிற தீவனத்தை வச்சு ஈரல் செய்யறது. குளோபுலின்னு இன்னொண்ணு, நோயை எதிர்க்கிற சக்தி இதுலதான் இருக்கு. அந்தச் சக்தியைத் தாய்க்கோழிதான் மஞ்சள் கரு வழியாக் குடுத்து அனுப்புது. நாம கர்ப்பமா இருக்கும்போது போடற ரணஜன்னி ஊசி பிள்ளையையும் காக்குதே, அது மாதிரி. தாய்க்கோழிக்குத் தடுப்பூசி போட்டிருந்தா குஞ்சுக்கும் காவல் நல்லா இருக்கும்.

ஆனா தாய் குடுத்தது ரெண்டு மூணு வாரத்துல கரைஞ்சிடும். அதுக்குள்ள குஞ்சு சொந்தமாச் செஞ்சுக்கணும். வெறும் குருணையில புரதம் 100-க்கு 8 பங்கு அளவுதான் வரும். குஞ்சுத் தீவனத்துல 20 பங்கு வரை இருக்கு. வேகமா வளர்ற கலப்பினக் குஞ்சுக்கு இது இன்னும் அவசியம். தாயில்லாத குஞ்சுக்கு முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் சூடு வேணும். அப்புறம் வாரம் 5 டிகிரி குறைக்கலாம். பல்புக்கு அடியில குவிஞ்சு கிடந்தா குளிருதுன்னு அர்த்தம், விலகி ஓடினா சூடு அதிகம்.

7-ஆம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்குக் கண்ணுலயோ மூக்குலயோ ஒரு சொட்டு, 14-ஆம் நாள் கம்போரோவுக்கு, 28-ஆம் நாள் திரும்பவும் கழிச்சலுக்கு. இதைத் தவறவிடக் கூடாது.

பத்துக் குஞ்சு வச்சிருக்கிறவங்க என்ன செய்வாங்க? மருந்துக் குப்பி பெரும்பாலும் நூறு குஞ்சுக்குக் குறையாமத்தான் வருது. கலக்கிட்டா ரெண்டு மணி நேரத்துல தீர்த்துடணும், ஐஸ்ல வச்சுத்தான் கொண்டு வரணும். அதனால ஒரே வாரத்துல எல்லாரும் சேர்ந்து குஞ்சு இறக்குவோம். ஒரே நாள்ல, ஒரே குப்பியில போட்டு முடிப்போம். தனியாளுக்கு முடியாதது குழுவுக்கு முடியும். அடுத்த கூட்டத்துல இதைத் தீர்மானமா எழுதணும்னு கேட்டுக்கிறேன்.