சாவியைத் திருப்பினா வண்டி என்ன சொல்லுது?

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



நம்ம காசிமேட்டுல விடியறதுக்கு முன்னாடியே மீன் ஏலம் தொடங்கிடும். மீனை எடுத்து, ஐஸ் போட்டு, குட்டியானையில ஏத்தின பிறகு வண்டி கிளம்பலைன்னா என்ன ஆகும்? ஐஸ் கரையும், மீன் விலை இறங்கும், அந்த மாசத் தவணை இடிக்கும். அந்த அவசரத்துல, "பேட்டரி மாத்தணும்"னு யார் சொன்னாலும் தலையாட்டிடுறோம். டாக்டர்கிட்ட எங்க வலிக்குதுன்னு சொல்ற மாதிரி, மெக்கானிக்கிட்டயும் நாம சொல்லத் தெரிஞ்சுக்கணும்.

சாவியைத் திருப்பினதும் மூணுல ஒண்ணு நடக்கும்.

ஒண்ணு, சத்தமே வராது. முதல்ல பேட்டரி டெர்மினலைப் பாருங்க. நம்ம உப்புக் காத்துல அது சீக்கிரம் பூத்துப் போகும். முதல்ல மைனஸ், அப்புறம் பிளஸ் கழட்டுங்க. வெந்நீர் ஊத்தி, பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சு, துடைச்சு, வாசலின் தடவுங்க. மாட்டும்போது பிளஸ் முதல்ல. பாதி நாள் கோளாறு இதோட தீர்ந்துடும்.

ரெண்டு, 'டக் டக்'னு மட்டும் கேட்கும். ஹெட்லைட் போட்டுட்டு சாவியைத் திருப்புங்க. லைட் மங்கினா பெரும்பாலும் பேட்டரி. லைட் பளிச்சுன்னு இருந்தா செல்ஃப் மோட்டார் பக்கம் கோளாறு. புது பேட்டரி வாங்கறதுக்கு முன்னாடி மீட்டர் வைக்கச் சொல்லுங்க. வண்டி நிக்கும்போது 12.6 வோல்ட், ஓடும்போது 14 வோல்ட் பக்கம் காட்டணும். ஓடும்போது ஏறலைன்னா, சார்ஜ் ஏத்துற ஆல்டர்னேட்டரைப் பார்க்கணும். அதை விட்டுட்டுப் புது பேட்டரி போட்டாலும் அதுவும் இறங்கிடும்.

மூணு, செல்ஃப் நல்லா சுத்தும், இன்ஜின் பிடிக்காது. பெட்ரோல் வண்டின்னா ஸ்பார்க் பிளக்கையும் பெட்ரோல் வருதான்னும் பார்க்கணும். டீசல் வண்டியில ஸ்பார்க் பிளக்கே கிடையாது. அழுத்தின காத்தோட சூட்டுலயே டீசல் பத்திக்கும். அதனால டீசல் இருக்கா, ஃபில்டர் அடைச்சிருக்கா, லைன்ல காத்து பிடிச்சிருக்கான்னு பாருங்க. கேஸ் வண்டியில கேஸ் வாசனை வந்தா சாவியைத் தொடவே கூடாது.

இன்னொண்ணு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல வடசென்னைத் தெருவெல்லாம் தண்ணி நின்னதை மறந்திருக்க மாட்டீங்க. தண்ணியில முழுகின வண்டியை ஸ்டார்ட் பண்ணவே பண்ணாதீங்க. காத்து அழுந்தும், தண்ணி அழுந்தாது. உள்ளே தண்ணி போயிருந்தா கனெக்டிங் ராடு வளைஞ்சு இன்ஜினே போயிடும். பேட்டரி வயரைக் கழட்டிட்டு, கட்டி இழுத்துட்டுப் போங்க.

அந்தக் காலத்துல காருக்கு முன்னாடி கைப்பிடியைச் சுத்தித்தான் கிளப்பணும். அது திருப்பி அடிச்சா கை எலும்பு உடையும். 1912-ல அமெரிக்காவோட காடிலாக் கார்ல மின்சார செல்ஃப் வந்த பிறகுதான் பெண்கள் தாராளமா ஓட்ட வந்தாங்க. 2025 மகளிர் தினத்துல நம்ம சென்னையில பெண்களுக்குன்னு பிங்க் ஆட்டோவே வந்தாச்சு. ஓட்டுற கைக்கு, கோளாறு கண்டுபிடிக்கவும் தெரியணும்.

பாகம் மாத்தினா பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்க, பில்லையும் வாங்குங்க. நம்ம கடனும் வட்டியும் கட்டின காசு அது.