வீடு யார் பெயரில்?

(செம்பூரில் நடந்த மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

நான் வக்கீல் அல்ல. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்து, மத்திய அரசில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனாலும் இன்று தம்பதிகளின் சொத்து பற்றிப் பேசத் துணிந்ததற்கு என் சொந்தத் தவறுதான் காரணம்.

1982-இல் மாதுங்காவின் ஒற்றை அறை ஜாகையிலிருந்து செம்பூர் ஃப்ளாட்டுக்கு வந்தோம். முன்பணம் போதவில்லை. என் சகதர்மிணி நான்கு வளையல்களையும் காசுமாலையையும் விற்றுக் கொடுத்தாள். அக்ரிமெண்டில் என் பெயர் மட்டுமே. அவள் பெயரைச் சேர்க்க எனக்குத் தோன்றவே இல்லை, அவளும் கேட்கவில்லை.

பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர் என்பது பொது விதி. பத்திரத்தில் ஏறாத பணத்தையும் உழைப்பையும் மனசாட்சிப்படி எடை போடுவதை இங்கிலீஷ்காரர்கள் 'ஈக்விட்டி' என்றார்கள்.

2023 ஜூனில் சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி அளித்த தீர்ப்பை நீங்கள் படித்திருக்கலாம். கணவர் 1983 முதல் 1994 வரை சவூதி அரேபியாவில் வேலை பார்த்தார். அவர் அனுப்பிய பணத்தில் இங்கே சொத்துக்கள் வாங்கப்பட்டன. திரும்பி வந்தவர், எல்லாம் தம்முடையதே என்று வழக்குப் போட்டார். வழக்கு நடக்கும்போதே அவர் காலமானார், பிள்ளைகள் தொடர்ந்தார்கள். மனைவி விடுமுறையே இல்லாமல் இருபத்து நான்கு மணி நேரமும் வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் கணவரால் சம்பாதிக்க முடிந்தது; ஆகவே அப்படி வாங்கிய சொத்தில் அவருக்கும் சமபங்கு உண்டு என்றார் நீதிபதி.

தாராவியில் விடியற்காலையில் மனைவி இட்லி அவிக்கிறாள். கணவன் தெருத் தெருவாக விற்கிறான். காசு அவன் பையில் விழுவதால் அது அவன் ஒருவனின் சம்பாத்தியம் ஆகிவிடுமா?

ஆனால் இதை வைத்து அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது. அது ஒரு தனி நீதிபதியின் தீர்ப்பு. மும்பை கோர்ட்டுகளைக் கட்டுப்படுத்தாது. கோவாவின் சிவில் சட்டத்தில் பொதுவாக தம்பதிகளின் சொத்து இருவருக்கும் பொது. மற்ற மாநிலங்களில் அப்படி ஒரு சட்டம் இல்லை.

இருக்கும் பாதுகாப்புகளைச் சொல்கிறேன். ஸ்த்ரீதனம் மனைவிக்கே முழுச் சொந்தம் என்று சுப்ரீம் கோர்ட் 1985-இல் சொல்லி, 2024-இல் மீண்டும் உறுதி செய்தது. கஷ்ட காலத்தில் கணவர் அதை உபயோகித்தாலும் திருப்பித் தரக் கடமைப்பட்டவர். 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டப்படி, பத்திரத்தில் பெயர் இல்லாவிட்டாலும் மனைவிக்குக் குடும்ப வீட்டில் வசிக்க உரிமை உண்டு. வாடகை வீட்டில் கணவர் கைவிட்டுப் போனால், வீட்டுக்காரர் போடும் காலி செய்யும் வழக்கை மனைவியே எதிர்த்து வாதாடலாம் என்றும் 2005-இல் தீர்ப்பாயிற்று. மாதுங்காவின் பழைய வாடகைக் கட்டிடங்களில் இருப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

வசிக்கும் உரிமை வேறு, சொந்தம் வேறு. சொசைட்டியில் நாமினி என்று எழுதிக் கொடுத்தால் மட்டும் மனைவி சொந்தக்காரி ஆகிவிட மாட்டாள். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

சென்ற வருஷம் வக்கீலைக் கலந்து, பாதிப் பங்கைத் தான பத்திரமாக எழுதி ரிஜிஸ்தர் செய்து, ஷேர் சர்டிபிகேட்டிலும் அவள் பெயரை ஏற்றினேன். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்ததும், "இப்பவாவது தோணித்தே" என்றாள். அதில் சந்தோஷம் எவ்வளவு, நாற்பது வருஷத்து வருத்தம் எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் ஷேர் சர்டிபிகேட்டை எடுத்துப் பாருங்கள். கோர்ட்டில் போய் நியாயம் கேட்கும் நிலைமை நம் வீட்டுப் பெண்களுக்கு வர வேண்டாம். நாமே செய்துவிடுவோம்.