மணிக்கட்டில் கட்டும் புதிய காப்பு

(விழாத் தொண்டர்களுக்கான கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தமிழில் காப்பு என்னும் சொல்லுக்குப் பொருள் பல. நூலின் தொடக்கத்தில் பாடப்படும் செய்யுளும் காப்பு. குழந்தையின் கையில் இடும் வளையும் காப்பு. திருவிழாத் தொடங்கும் நாளில் மஞ்சள் தோய்த்த கயிற்றை மணிக்கட்டில் கட்டுவதும் காப்பு. காப்புக் கட்டியவர் விழா முடியும்வரை ஊரெல்லையைக் கடந்து தங்குதல் கூடாது என்பது பல ஊர்களின் வழக்கம். கயிற்றைக் கண்ட அளவிலேயே, இவர் இந்த விழாவுக்குப் பொறுப்பேற்றவர் என ஊரார் அறிந்துகொள்வர். வாய்திறந்து கேட்கவேண்டிய தேவையில்லை.

பெருங்கூட்டங்களில் நுழைவோரின் மணிக்கட்டில் இக்காலத்தில் சுற்றப்படும் பட்டையும் ஏறத்தாழ இதே வேலையைச் செய்வதுதான். இளைஞர் அதனைப் 'பேண்ட்' என்பர். கைப்பட்டை எனலாம். நம் நாட்டுக் குடும்பங்கள் பலவற்றுக்கு இப்பொருள் முதலில் அறிமுகமானது விழாப் பந்தலில் அன்று, மகப்பேற்று மருத்துவமனையில். தாயின் கையிலும் சேயின் கையிலும் ஒரே எண் எழுதிய பட்டையைக் கட்டிவிட்டால், பத்துத் தொட்டில்கள் கிடக்கும் அறையிலும் குழந்தை மாறிப்போகாது.

கையில் கொடுக்கும் சீட்டுக்கும் கையில் கட்டும் பட்டைக்கும் உள்ள வேறுபாடு இதில் அடங்கியிருக்கிறது. சீட்டு தொலையும், வியர்வையில் நனைந்து கிழியும், உள்ளே சென்றவர் அதனைச் சுவருக்கு மேலாக உறவினரிடம் நீட்டிவிடுவார். பட்டை அவ்வாறு கைமாறாது. டைவெக் என்னும் பொருளால் ஆன பட்டை பார்வைக்குத் தாள்போல இருக்கும். உண்மையில் அது பாலிஎத்திலீன் இழைகளை அழுத்திச் செய்த தகடு. நனைந்தாலும் கிழியாது. ஆனால் ஒட்டிய இடத்தைப் பிரிக்க முயன்றால், அங்கே முன்கூட்டியே இடப்பட்டிருக்கும் சிறு வெட்டுகளின் வழியே சிதைந்துவிடும். இன்னொருவர் கையில் மறுபடி ஒட்ட இயலாது. சில நாள் நீளும் விழாக்களுக்குத் துணிப்பட்டையும் உண்டு. அதன் பூட்டு இறுகுமே ஒழியத் தளராது. சில்லு பதித்த ஆர்.எஃப்.ஐ.டி. பட்டைகள் மூன்றாம் வகை. அச்சில்லுக்குள் மின்கலம் கிடையாது. வாயிலில் உள்ள கருவி அனுப்பும் அலையிலிருந்தே ஆற்றல் பெற்று, தன் எண்ணை மட்டும் திருப்பிச் சொல்லும். சில ஆயிரவர் கூடும் விழாவுக்கு இத்தனை செலவு வேண்டுவதில்லை. நிறமும் வரிசை எண்ணும் அச்சிட்ட எளிய பட்டையே போதும். அன்றன்றைய நிறத்தை அன்று காலைவரை வெளியிடாமல் வைத்திருந்தால் போலிக்கும் இடமிராது.

இவை பொருளைப் பற்றிய செய்திகள். கைப்பட்டை உண்மையில் எதற்குப் பயன்படுகிறது என்பதை அறியத் திருமலையைப் பார்த்தல் வேண்டும்.

வைகுண்டம் காத்திருப்புக் கூடத்தின் அறைகளில் மணிக்கணக்கில், சில நாள்களில் இரவு முழுவதும், அடைந்து கிடந்த அனுபவம் தமிழ்நாட்டில் பலருக்கு இருக்கும். இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் திருமலை திருப்பதி தேவஸ்தானம் 'சுதர்சனம்' என்னும் திட்டத்தின்கீழ்ப் பட்டைக்கோடு அச்சிட்ட கைப்பட்டைகளைக் கட்டியது. எந்த நாள், எந்த நேரத்தில் வரிசையில் வந்து சேரவேண்டும் என்பது அதில் குறிக்கப்பட்டிருந்தது. கட்டிக்கொண்டவர் அந்த நேரம்வரை குளிக்கலாம், உண்ணலாம், உறங்கலாம். கூட்டம் குறைந்துவிடவில்லை, வந்தவர் எண்ணிக்கை முன்போல்தான். குறைந்தது நின்றுகொண்டிருந்தவர் எண்ணிக்கை. 'உனக்குரிய இடம் போய்விடாது, இந்த நேரத்துக்கு வா' என்று நிருவாகம் அளித்த வாக்கு அந்தப் பட்டை. வாக்கில் நம்பிக்கை பிறந்ததும் வரிசை தானே கலைந்தது. பின்னாளில் ஆதார் எண்ணைப் பெற்று நேரம் குறித்துத் தரும் டோக்கன் முறை வந்தபோதும் உட்கருத்து மாறவில்லை.

அதே திருப்பதியில்தான் 2025 சனவரி 8-ஆம் நாள் அந்தத் துயரம் நேர்ந்தது. வைகுண்ட ஏகாதசியை ஒட்டிய தரிசன டோக்கன்கள் மறுநாள் விடியற்காலையில் நகரின் சில மையங்களில் வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டிருந்தது. மக்கள் முந்தைய நாளே வந்து குவிந்தனர். பைராகிப்பட்டெடா மையத்தருகே, உடல்நலம் குன்றிய ஒருவருக்காகக் கதவைத் திறந்ததாக அதிகாரிகள் பின்னர்க் கூறினர். டோக்கன் தரத் தொடங்கிவிட்டார்கள் என எண்ணிக் கூட்டம் முன்னே பாய்ந்தது. 6 பேர் மாண்டனர். வழங்கப்பட இருந்தது தாள் சீட்டே, கைப்பட்டை அன்று. ஆயினும் பாடம் இரண்டுக்கும் பொது. நெரிசலைத் தவிர்ப்பதற்கென்று ஏற்பட்ட சீட்டைப் பெறும் இடத்திலேயே நெரிசல் நிகழ்ந்தது. கோயில் வாயிலில் இருந்த கூட்டம் கலையவில்லை; டோக்கன் வாயிலுக்கு இடம் மாறியது. எண்ணிக்கை குறைவு, தரும் நேரம் ஒன்றே, முந்தியவருக்கே கிடைக்கும் என்னும் மூன்றும் ஒருங்கு சேரும் இடத்தில் எந்த ஊர் மக்களும் அவ்வாறுதான் நடந்துகொள்வர். மக்களுக்கு ஒழுக்கம் போதாது என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. நேர்மையான விடை அன்று அது.

ஆகவே கைப்பட்டையைப் பற்றி முதலில் கேட்கவேண்டிய வினா, எந்த நிறம், என்ன விலை என்பதன்று. எங்கே, எப்போது, எத்தனை பேர் கட்டுவது என்பதே. ஒரு சிறு கணக்கு. ஒருவர் கையை நீட்டுவதற்கும், பட்டையைச் சுற்றி ஒட்டுவதற்கும், எண்ணைக் குறிப்பதற்கும் 20 நொடி ஆகும் என்று கொண்டால், ஒரு தொண்டர் ஒரு மணி நேரத்தில் 180 பேருக்குக் கட்டுவார். 5,000 பேர் 2 மணி நேரத்துக்குள் உள்ளே வரவேண்டுமெனின் 14 தொண்டர் இடைவிடாது கட்டவேண்டும். தண்ணீர் குடிக்க எழுந்தாலும் கணக்குத் தவறும். இரண்டு மேசைகளைப் போட்டுவிட்டு, 'மக்கள் பொறுமையாக வரவேண்டும்' என ஒலிபெருக்கியில் அறிவித்துப் பயனில்லை. இங்கிலாந்தில் விளையாட்டரங்கப் பாதுகாப்புக்கென வெளிவந்துள்ள 'கிரீன் கைடு' என்னும் வழிகாட்டி நூல், ஒரு சுழல்வாயில் வழியே மணிக்கு 660 பேருக்கு மேல் நுழைவதாகக் கணக்கிடலாகாது என வரையறுக்கிறது. பட்டையை முன்பே கட்டிக்கொண்டு வருவோரை வெறுமனே பார்த்து அனுப்பும் வாயிலுக்கும் இத்தகைய எல்லை உண்டு. எனவே பட்டையை வாயிலில் கட்டாமல், முந்தைய நாள்களில் தங்கும் விடுதிகளிலும், பேருந்து புறப்படும் ஊர்களிலும், குடும்பத்துக்கு ஒருவர் வந்து பெறும் வகையில் அறக்கட்டளை அலுவலகத்திலும் பரவலாகக் கொடுத்துவிடுவதே முறை.

பட்டையால் ஆகாத காரியமும் உண்டு. 2015 செப்டம்பர் 24 அன்று மெக்காவை அடுத்த மினாவில், எதிரெதிரே வந்த யாத்திரிகர் கூட்டங்கள் தெருச்சந்திப்பில் மோதி நெருக்குண்டதில், அரசுக் கணக்கின்படியே 769 பேர் உயிரிழந்தனர். மறு ஆண்டில் யாத்திரிகர்களுக்கு மின்னணுக் கைப்பட்டை கட்டும் ஏற்பாடு வந்தது. வழிதவறியவரை அடையாளம் காணவும், மயங்கி விழுந்தவரின் மொழியையும் உடல்நலத்தையும் அறியவும் அது உதவும். எதிரெதிரே வரும் இரு கூட்டங்களை அது பிரித்துவிடாது. அதற்குத் தனித்தனி வழியும் நேர ஒழுங்கும் வேண்டும். ஒரு சதுர மீட்டரில் ஐந்தாறு பேருக்கு மேல் நெருங்கிவிட்டால் தனி மனிதர் தம் விருப்பப்படி கால் எடுத்து வைக்க இயலாது. அந்நிலையில் எல்லார் கையிலும் பட்டை இருந்தும் பயன் இல்லை.

குழந்தைகளின் செய்தி வேறு. சபரிமலையில் பம்பையிலிருந்து மலையேறும் சிறுவர் சிறுமியர் கையில் கேரளக் காவல்துறையினர் அடையாளப் பட்டை கட்டிவிடுவதை ஐயப்ப பக்தர் அறிவர். கூட்டத்தில் கைவிட்டுப் போன பிள்ளை அழுதுகொண்டு நிற்கும்போது, அதன் பட்டையைப் பார்த்துப் பெற்றோரை அழைத்துவிடலாம். செலவு மிகக் குறைவு. பயனோ ஒரு தாய்க்கு உலகம் அனைத்தும். ஒன்றை மட்டும் நினைவிற்கொள்ள வேண்டும். குழந்தையின் பெயரைப் பட்டையின் வெளிப்புறத்தில் எழுதலாகாது. முன்பின் அறியாதவர் பெயர் சொல்லி அழைத்தால் பிள்ளை நம்பிப் பின்செல்லும். தொலைபேசி எண் மட்டும், அதுவும் உட்புறத்தில், அழியாத மையால் எழுதுவது நன்று. நினைவு தடுமாறும் முதியோருக்கும் இவ்வாறே செய்யலாம். ஆனால் அவரிடம் கேட்டுக்கொண்டு கட்டவேண்டும். பள்ளிப் பிள்ளையைப் போலத் தம் கையைப் பிடித்து இழுத்துக் கட்டுவதை எந்தப் பெரியவர் விரும்புவார்?

இனி, இங்குள்ள குடும்பங்கள் பலவும் எதிர்நோக்கியிருக்கும் ஒரு விழா. சிரவணபெளகொளாவில் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழும் மகாமஸ்தகாபிஷேகம் 2018 பிப்ரவரியில் நடைபெற்றது. அடுத்தது 2030-இல் வரவேண்டும். பாகுபலியின் திருவுருவம் 57 அடி. அதனைச் சூழ்ந்த இடமோ மலையுச்சியின் சிறு முற்றம். அறுநூற்றுக்கும் மேற்பட்ட படிகள் ஏறி மேலே செல்பவர் இறங்காமல் அடுத்தவர் ஏற இயலாது. நாள் குறித்த அனுமதியின்றி அத்தகைய மலையில் விழா நடத்த முடியாது. செல்வந்தருக்கு ஒரு நிறம், ஏனையோருக்கு வேறு நிறம் எனப் பட்டைகள் பெருகும் ஆபத்தும் அத்தகைய இடத்தில்தான் தலைகாட்டும். பணிக்கேற்ப நிறம் பிரிப்பது தேவை: மருத்துவர், நீர் வழங்குவோர், அபிடேகத்துக்கு உரியோர், தொண்டர். கொடைக்கேற்ப நிறம் பிரித்தால், மணிக்கட்டைப் பார்த்து மனிதரை மதிக்கும் பழக்கம் தொண்டரிடமே வந்துவிடும். கொடையாளருக்கு நன்றி கூற மேடை இருக்கிறது, மலர் இருக்கிறது. படிக்கட்டில் வேறு வழி வேண்டுவதில்லை. முட்டி தேய்ந்த மூதாட்டிக்கு வேண்டும்.

இன்னொன்றும் மறத்தலாகாது. உடையும் துறந்த முனிவர் கையில் எந்தத் தொண்டரும் பட்டை கட்டமாட்டார். 'பட்டை இன்றி எவருக்கும் அனுமதி இல்லை' என்று அச்சிட்ட பலகையைத் தொங்கவிட்டுவிட்டு, முனிசங்கம் வந்து நிற்கும்போது வாயிற்காவலர் திகைக்கும் நிலை வரக்கூடாது. சங்கத்தை அறிந்த இல்லறத்தார் இருவர் ஒவ்வொரு வாயிலிலும் இருத்தல் வேண்டும். வெளியிலிருந்து அமர்த்தப்படும் காவல் நிறுவனத்தாருக்கும் இதனை முன்பே எடுத்துச் சொல்லவேண்டும்.

மேல்சித்தாமூர்த் தேர்த்திருவிழா போன்றவற்றுக்குக் கைப்பட்டை பெரும்பாலும் பொருந்தாது. தேர் ஓடுவது ஊரின் திறந்த தெருவில். அங்கே வாயில் ஏது? உண்டிச்சாலைக்கும் தேர்வடம் பிடிக்கும் தொண்டருக்கும் மட்டும் நிறப்பட்டை கொடுக்கலாம். சக்கரத்தருகே நிற்கத் தகுதியுடையவர் யார் என்பது தொலைவிலிருந்தே தெரியும். மற்றவரை விலக்குவது எளிதாகும்.

இறுதியாக ஒரு சிறு ஏற்பாடு. திருவிழா முடிந்ததும் ஊரில் காப்பு அவிழ்ப்பது ஒரு சடங்கு. இந்தப் புதிய காப்பையோ கையால் அறுக்க முடியாது; பிள்ளைகள் பல்லால் கடித்து இழுப்பர். அறுத்த பட்டை மண்ணில் மக்கவும் மக்காது, வழியெங்கும் கிடக்கும். ஆகவே வெளியேறும் வாயில் ஒவ்வொன்றிலும் முனை மழுங்கிய கத்தரிக்கோல்கள் நான்கு, ஒரு கூடை, வெட்டிவிடப் பொறுமையுள்ள இரு தொண்டர் இருக்கட்டும். அந்தக் கூடையில் சேரும் பட்டைகளை அன்றிரவே எண்ணிவிட்டால், காலையில் கட்டிய எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, விழாவுக்கு வந்தவர் எத்தனை பேர் என்பதை ஊகமின்றி ஏட்டில் எழுதிவைக்கலாம்.