ஸ்கடர் குடும்பத்தின் யாத்திரை: பழைய பதிவேடுகள் தரும் சாட்சி

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)



 

ஆண்டுதோறும் யாராவது ஓரிருவர் நமது மருத்துவமனை ஆலயத்தைத் தேடி வருவதுண்டு. "எங்கள் கொள்ளுத்தாத்தா இங்கே கம்பவுண்டராக இருந்தாராம். பதிவேட்டில் அவர் பெயர் இருக்குமா, ஐயா?" என்று கேட்பார்கள். பெயரைக் கண்டு கண்ணீரோடு போனவர்கள் உண்டு. வெறுங்கையோடு திரும்பியவர்களே அதிகம். முன்னோரை எப்படித் தேடுவது, தேடிக் கண்டபின் என்ன கற்றுக்கொள்வது என்பதையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

வேதத்தில் வம்ச அட்டவணை வந்தால் நம்மில் பலர் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். ஆனால் எஸ்றாவின் புத்தகம் இரண்டாம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். சிறையிருப்பிலிருந்து திரும்பிவந்த ஆசாரியரில் சிலர் தங்கள் வம்ச அட்டவணையைத் தேடினார்கள், அது அகப்படவில்லை. அதனால் அவர்கள் ஆசாரிய ஊழியத்துக்குப் புறம்பாக்கப்பட்டார்கள். ஏட்டில் ஒரு வரி இல்லாமற்போனதால் ஒரு குடும்பத்தின் ஊழியமே நின்றுபோனது.

முன்னோரைத் தேடுகிறவர்களுக்கு முதல் விதி ஒன்று உண்டு. புகழ்பெற்ற மூதாதை ஒருவரிடமிருந்து கீழே இறங்கி வரக்கூடாது. நிச்சயமாகத் தெரிந்த ஆளிடமிருந்து தொடங்கி, ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிப் போக வேண்டும். நாம் எல்லோரும் அறிந்த ஒரு குடும்பத்தை எடுத்து அப்படிப் போய்ப் பார்ப்போம்.

வேலூர் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் கதை உங்களுக்குத் தெரியும். திண்டிவனத்தில் ஒரே இரவில் பிரசவ வேதனையில் இருந்த மூன்று பெண்களுக்காக உதவி கேட்டு வந்ததும், பெண் மருத்துவர் இல்லாமல் அம்மூவரும் இறந்ததும், 1900ல் அவர் மருத்துவராகத் திரும்பி வந்ததும் பிரசங்க மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். அவர் 1870ல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். அவருடைய மருமகள் முறையான ஒருவரும் ஐடா ஸ்கடர்தான். அவரும் டாக்டர், அவரும் வேலூரிலேயே கதிரியக்கத் துறையில் ஊழியம் செய்தார். ஏட்டில் பெயரை மட்டும் பார்த்தால் இருவரும் ஒருவராகிவிடுவார்கள். பெயரோடு ஆண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது இரண்டாவது விதி.

ஐடா அம்மையாரின் தகப்பனார் டாக்டர் ஜான் ஸ்கடர். அவருடைய தகப்பனாரும் டாக்டர் ஜான் ஸ்கடர்தான். 1836ல் மதராசுக்கு வந்த ஜான் ஸ்கடர் என்று ஏட்டில் கண்டால் அது தகப்பனார். மகனுக்கு அப்போது ஒரு வயதும் நிரம்பவில்லை. மகன் பிறந்தது 1835ல், யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரியில். அவருடைய மூத்த அண்ணன் ஹென்றி மார்ட்டின் பிறந்தது 1822ல், பண்டத்தரிப்பில். பிள்ளைகள் பிறந்த ஊர்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். பெற்றோர் எங்கிருந்து எங்கே பெயர்ந்தார்கள் என்ற வழி தானாகவே தெரியும். கடிதமோ நாட்குறிப்போ இல்லாத குடும்பத்துக்கும் இந்த முறை உதவும்.

முதியவரான ஜான் ஸ்கடர் 1793ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஃப்ரீஹோல்டில் பிறந்தார். குருத்துவ ஊழியத்துக்குப் போக விரும்பினார், தகப்பனார் சம்மதிக்கவில்லை. மருத்துவம் படித்து நியூயார்க்கில் நல்ல நிலையில் இருந்தார். ஒரு நோயாளியின் வீட்டில் கண்ட சிறு பிரசுரம் அவருடைய வாழ்வைத் திருப்பியது. 1819 ஜூன் மாதம் மனைவி ஹேரியட்டோடும் சிறு மகள் மரியாவோடும் பாஸ்டன் துறைமுகத்தில் 'இண்டஸ்' என்ற கப்பலில் ஏறினார். கல்கத்தாவில் இறங்கியபின் மரியா இறந்துபோனாள். யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது தாயின் கை வெறுமையாக இருந்தது. இந்தக் குடும்பம் நம் தேசத்தில் வைத்த முதல் அடையாளம் ஒரு குழந்தையின் கல்லறை என்பதை மறக்கக்கூடாது.

யாழ்ப்பாணத்தில் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார்கள். 1833ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சாசனம் புதுப்பிக்கப்பட்டபோது, பிற நாட்டு மிஷனெரிகளுக்கும் இந்தியாவில் வழி திறந்தது. அதன்பின் மதராஸ் வந்தார்கள். 1849ல் ஹேரியட் அம்மையார் மதராசில் மரித்தார். 1855ல் ஜான் ஸ்கடர் தென்னாப்பிரிக்காவின் வின்பெர்க்கில் மரித்தார். கடலுக்கு இந்தப் பக்கம் மனைவி, அந்தப் பக்கம் கணவர். அவருடைய கல்லறையை மதராசில் தேடினால் கிடைக்காது.

இப்படிப்பட்டவர்களைத் தேட சில நல்ல ஏடுகள் உண்டு. மதராஸ் மாகாணத்துக் கல்லறை எழுத்துக்களை ஜே. ஜே. காட்டன் என்ற அதிகாரி தொகுத்து 1905ல் வெளியிட்டார். இலங்கைக் கல்லறை எழுத்துக்களை ஜே. பென்ரி லூயிஸ் 1913ல் வெளியிட்டார். கல் சிதைந்துபோன இடங்களிலும் எழுத்து அந்தப் புத்தகங்களில் நிற்கிறது. ஆங்கிலத் திருச்சபையின் ஞானஸ்நான, விவாக, அடக்க ஏடுகளின் நகல்கள் இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. அமெரிக்க மிஷனெரிகளின் கடிதங்கள் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன.

இன்னும் பின்னோக்கிப் போவோம். ஜான் ஸ்கடரின் தகப்பனார் ஜோசப் ஒரு வழக்கறிஞர். அவருடைய தகப்பனார் நதானியேல் ஸ்கடர் ஒரு மருத்துவர். அமெரிக்கா விடுதலைக்காகப் போராடிய நாட்களில் நியூ ஜெர்சியின் பிரதிநிதியாகக் காங்கிரசில் அமர்ந்து, 1778ல் மாநிலங்களின் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 1781 அக்டோபரில் ஷ்ரூஸ்பரி அருகே நடந்த சண்டையில் சுடப்பட்டு மாண்டார். அதே வாரத்தில் யார்க்டவுனில் ஆங்கிலப் படை சரணடைந்தது. டெனன்ட் ஆலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.

நதானியேலின் தகப்பனார் ஜேக்கப், லாங் ஐலண்டின் ஹண்டிங்டனிலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்து பிரின்ஸ்டன் அருகே ஆலை நடத்தினார். ஆலை போய்விட்டது, பிளெயின்ஸ்பரோவில் 'ஸ்கடர்ஸ் மில் ரோடு' என்ற சாலைப் பெயர் இன்னும் இருக்கிறது. சாலைப் பெயரும் ஒரு பதிவேடுதான்.

ஹண்டிங்டனுக்கு இந்தக் குடும்பம் வந்தது 1650களில். அதற்கு முன் அவர்கள் இருந்த ஊர் சேலம். நம் மாம்பழச் சேலம் அல்ல, மாசசூசெட்ஸ் சேலம். அங்கே 1657ல் தாமஸ் ஸ்கடர் என்ற முதியவர் எழுதிய உயிலில் மனைவி எலிசபெத்தின் பெயரும், ஜான், தாமஸ், ஹென்றி என்ற மகன்களின் பெயர்களும் இருக்கின்றன. இங்கிலாந்திலிருந்து கடல் கடந்து வந்த முன்னோடி இவரே. அந்த ஓர் உயில் இல்லாவிட்டால் தகப்பனையும் மக்களையும் சேர்த்துக் கட்ட நமக்குக் கயிறு கிடைத்திராது. அதே காலத்தில் பார்ன்ஸ்டபிளில் வேறொரு ஜான் ஸ்கடர் வாழ்ந்தார்; அவரை இந்தத் தாமசின் மகனோடு குழப்பிக்கொண்டால் வம்சமே மாறிவிடும். ஆங்கிலேயக் குடியேற்றங்களில் 1752 வரை மார்ச் 25ஆம் தேதிதான் வருடப் பிறப்பு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பழைய ஏட்டில் ஏழாம் மாதம் என்றிருந்தால் அது செப்டம்பர்.

பிரியமானவர்களே, இங்கிலாந்திலிருந்து சேலம், ஹண்டிங்டன், பிரின்ஸ்டன், ஃப்ரீஹோல்டு, நியூயார்க், பண்டத்தரிப்பு, சாவகச்சேரி, மதராஸ், இராணிப்பேட்டை, வேலூர். மூன்று நூற்றாண்டு யாத்திரையை உயிலிலும் பத்திரத்திலும் கல்லறையிலும் பின்தொடர முடிகிறது. எழுதத் தெரிந்த குடும்பம். எழுதியதைப் பாதுகாத்த சபை. ஆனால் அதே ஏடுகளில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றியும் சொல்லாமல் முடிப்பது நியாயமாகாது.

1653ல் ஹண்டிங்டன் நிலத்தை வெள்ளையருக்குக் கொடுத்தவர்கள் மட்டினக்காக் என்ற பூர்வகுடி மக்கள். கோட்டுகள், பாத்திரங்கள், கோடரிகள், கத்திகள் விலையாகத் தரப்பட்டன. விலையாகத் தந்த சாமான்களுக்குக் கணக்கு இருக்கிறது. அந்த நிலத்தில் அதுவரை பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் பெயர்கள் அந்தப் பத்திரத்தில் இல்லை.

யாழ்ப்பாணத்தில் நடந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. அமெரிக்க மிஷன் 1823ல் வட்டுக்கோட்டையில் செமினரியையும், 1824ல் உடுவிலில் பெண்கள் விடுதிப் பள்ளியையும் தொடங்கியது. ஒரு பிள்ளையின் செலவை அமெரிக்காவில் ஒரு சபையோ தனி மனிதரோ ஏற்றுக்கொண்டால், அவர்கள் விரும்பிய பெயர் அந்தப் பிள்ளைக்குச் சூட்டப்பட்டது. தமிழறிஞர்களான ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை ஆகியோருடைய பெயர்களின் முன்பாதி அந்த வழக்கத்தின் அடையாளம். இன்று ஒரு யாழ்ப்பாணக் குடும்பம் அந்த அமெரிக்கப் பெயரைப் பிடித்துக்கொண்டு முன்னோரைத் தேடினால் எங்கே போய்ச் சேரும்? கடல் கடந்த ஊரில், காணிக்கை கொடுத்த ஒருவருடைய வீட்டு வாசலில். தங்கள் சொந்தப் பாட்டனிடம் போய்ச் சேராது.

அந்தக் கொடையாளர்களை நாம் குறை சொல்லவில்லை. காணாத பிள்ளைகளுக்காக அன்போடு கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகள் படித்து, தமிழுக்கும் சபைக்கும் தொண்டு செய்தார்கள். இருந்தாலும் கொடுத்தவருடைய பெயர் ஏட்டில் ஏறியபோது, பெற்றவர் வைத்த பெயர் பின்னுக்குப் போய்விட்டது. உதவி செய்கிற கை, உதவி பெறுகிறவருடைய வேரை மூடிவிடலாகாது என்பதை இந்த ஏடுகள் நமக்குப் போதிக்கின்றன. நமது வார்டுகளில் படுத்திருக்கும் ஒவ்வொரு பிள்ளையும் தன் தாய் வைத்த பெயராலேயே அழைக்கப்படுகிறது. உங்கள் பெயர் காணிக்கை ஏட்டில் இருக்கிறது. இரண்டும் அதனதன் இடத்தில் இருப்பதே நலம்.

நிறைவாக உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, உங்கள் குடும்ப வேதாகமத்தின் முதல் பக்கத்தில் பிறப்பு, ஞானஸ்நானம், விவாகம், மரணம் ஆகியவற்றைத் தேதியோடும் ஊரோடும் எழுதுங்கள். தகப்பன் பெயரோடு தாயின் பெயரையும், அவள் பிறந்த ஊரையும் எழுதுங்கள். பெண்களின் வழி ஒரே தலைமுறையில் அழிந்துபோகிறது. இரண்டாவது, வீட்டிலுள்ள பழைய புகைப்படங்களின் பின்புறத்தில் யார் யார் என்று பென்சிலால் குறித்து வையுங்கள். அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்கள் நம்மோடிருக்கும்போதே செய்யுங்கள். மூன்றாவது, உங்கள் முன்னோர் எந்த மிஷன் மருத்துவமனையிலாவது நர்சாகவோ, கம்பவுண்டராகவோ, ஆயாவாகவோ, வேதாகம ஸ்திரீயாகவோ, சமையற்காரராகவோ ஊழியம் செய்திருந்தால், தெரிந்ததை ஒரு தாளில் எழுதி நமக்கு அனுப்புங்கள். ஸ்கடர் குடும்பத்தாரோடு இரவு பகலாக நின்றவர்களில் பலருக்கு ஏட்டில் ஒரு வரியும் இல்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வந்து கேட்கும் நாளில் காட்டுவதற்கு நம்மிடம் ஒரு தாளாவது இருக்க வேண்டும்.

நம் ஏடுகளில் விடுபட்டவர்களையும் தேவன் பெயர் பெயராக அறிந்திருக்கிறார். அந்த நம்பிக்கையோடு எழுதுவோம், பாதுகாப்போம், பிள்ளைகளுக்குச் சொல்வோம். கர்த்தர் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.