வீட்டு இணையத்தில் அறிமுகமற்ற கணிப்பொறிகள்

கொச்சி நகரின் மட்டாஞ்சேரி, மிளகு, இஞ்சி வாணிபத்தால் உலகப் புகழ் பெற்ற பகுதியாகும். இருப்புக்குக் கணக்கு வைப்பது அங்குள்ள பண்டகசாலைகளின் முதற் பாடம். இன்று அதே தெருக்களின் வீடுகளில் இணையம் நுழைந்துள்ளது. ஆனால் அதில் எத்தனை கருவிகள் இணைந்துள்ளன என்ற கணக்கு பெரும்பாலான குடும்பங்களிடம் இல்லை. இக்குறையை நீக்கும் வழிகளே இவ்வுரையின் பொருளாகும்.

இணையத்தைப் பயன்படுத்துவதைக் கல்வி உரிமையின் ஒரு பகுதியாகக் கேரள உயர்நீதிமன்றம் 2019-ல் ஏற்றுக்கொண்டது. 2020 ஜூன் 1 அன்று அம்மாநிலப் பள்ளிகளின் பாடங்கள் தொலைக்காட்சி, இணையம் ஆகியவற்றின் வழியே தொடங்கின. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு வழங்கும் நோக்கம் கொண்ட கே-ஃபோன் திட்டம் 2023 ஜூன் 5 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. இணைப்புகள் பெருகும்போது அவற்றைக் காக்கும் அறிவும் பெருகுதல் வேண்டும். சுவரோடு சுவராக வீடுகள் நெருங்கி நிற்கும் மட்டாஞ்சேரி போன்ற இடங்களில், ஒரு வீட்டின் வை-ஃபை அலை அடுத்த வீட்டையும் எளிதில் எட்டிவிடுகிறது.

ரௌட்டரின் நிர்வாகப் பக்கத்தில், இணைந்துள்ள கருவிகளின் பட்டியல் காணக் கிடைக்கும். அதில் அறியாத பெயர் ஒன்று தென்பட்டவுடன் திகைப்பது தேவையற்றது. ஒவ்வொரு கருவிக்கும் 48 பிட் அடையாள எண் உண்டு. அதன் முற்பாதி தயாரிப்பாளரைக் குறிக்கும். தொலைக்காட்சிப் பெட்டியோ அச்சு இயந்திரமோ, தன்னுள் இருக்கும் உதிரிப் பாகத்தைச் செய்த நிறுவனத்தின் பெயரில் தோன்றலாம். மேலும், 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020-ல் வந்த ஐஓஎஸ் 14 முதலாக, கைபேசிகள் தம் உண்மை எண்ணை மறைத்து மாற்று எண்ணைக் காட்டுகின்றன. ஆகவே வீட்டாரின் கைபேசியே அந்நியனாகத் தோன்றக்கூடும். கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்து, பட்டியலிலிருந்து எது மறைகிறது என்று குறித்துக்கொள்வதே எளிய சோதனை.

அதன் பின்னும் கணக்கில் வராதது எஞ்சினால், அந்தக் கருவியை மட்டும் தடுப்பது போதாது. எண்ணை மாற்றிக்கொண்டு அது மீண்டும் நுழையக்கூடும். வை-ஃபை கடவுச்சொல்லையும், ரௌட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லையும் மாற்றுவதே முறை. தொழிற்சாலையில் இடப்பட்ட கடவுச்சொற்களை மாற்றாமல் விட்டதால்தான், 2016-ல் மிராய் என்னும் தீநிரல் ஏராளமான கேமராக்களையும் ரௌட்டர்களையும் தன்வயப்படுத்தியது. 2001-லேயே பலவீனம் வெளிப்பட்ட டபிள்யூ.இ.பி. முறையைக் கைவிட்டு, டபிள்யூ.பி.ஏ. 2 அல்லது 3-ஐத் தேர்ந்தெடுத்தல் நலம்.

அலட்சியத்தின் விலை சிறிதன்று. 2008 ஜூலை 26 அன்று நிகழ்ந்த அகமதாபாத் குண்டு வெடிப்புகளை ஒட்டி அனுப்பப்பட்ட மின்னஞ்சல், நவி மும்பையில் வசித்த ஒருவரின் இணைப்பிலிருந்து சென்றிருந்தது. அவரது வை-ஃபையை வேறு எவரோ பயன்படுத்தியிருந்தனர். எனினும் காவல்துறையின் விசாரணை முதலில் அவர் வீட்டு வாயிலுக்கே வந்தது. இணைப்பு எவர் பெயரில் உள்ளதோ, முதல் வினாவும் அவரையே சேரும். உரிமையாளரின் அனுமதியின்றிக் கணிப்பொறி வலையமைப்பில் நுழைவதை 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு தடுக்கிறது. அதனை நேர்மையற்ற நோக்குடன் செய்தால், 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பண மோசடி நேர்ந்திருப்பின் 1930 என்ற எண்ணில் உடனே முறையிடலாம்.

ஆயினும், அறிமுகமற்ற கருவி யாவும் பகைவனுடையதன்று. பாடம் படிக்க வேண்டி என்றோ கடவுச்சொல்லைப் பெற்றுச் சென்ற அடுத்த வீட்டு மாணவனுடையதாகவும் அது இருக்கலாம். சட்டத்தை நினைக்குமுன் அயலாரிடம் ஒரு வார்த்தை கேட்பது நன்று. பல ரௌட்டர்களில் விருந்தினருக்கெனத் தனி வலையமைப்பு உண்டு. அதன் வழியே அம்மாணவன் இணையத்தைப் பெறலாம். வீட்டாரின் கோப்புகளும் காப்பாக இருக்கும். பகிர்வது அவரவர் விருப்பம். யாருடன் பகிரப்பட்டது என்று அறிந்திருப்பது கடமை.